நடுவழியில் நான் இருக்கிறேன்

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நானும் பாப்பாவும் சுகம். உங்கள் மாப்பிள்ளையும் சுகம்தான். வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதால் கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கிறார். நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் முட்டிவலி தேவலையா?

போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நான் வாயைத் திறந்தாலே "வண்டியில இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அந்த அப்புறம் இதுவரை வந்ததே இல்லை. அது மட்டுமல்ல, எங்கள் வீடு இரண்டே அறை. நான் யாரைப் பற்றிப் புலம்ப நினைக்கிறேனோ அவர் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார்.

விஷயம் இதுதான். லோடு எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மறுபடியும் வந்துவிட்டார். இந்த வருடம் பிறந்து இது மூன்றாவது தடவை. முதலில் டயர் சரியில்லை என்றார். அடுத்து பிரேக்குக்குக் காற்றுப் போகிற குழாயில் கசிவு. இப்போது லோடைக் கட்டுகிற சங்கிலியில் ஒரு கண்ணி விரிந்திருக்கிறதாம். அத்தனை டிரைவர்கள் இருக்கிற ஆலை யார்டில் இவர் ஒருத்தர்தான் சின்னச் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு டிரெய்லரைச் சுற்றி வந்து, டயரையும், லோடு சரியாமல் தாங்குகிற பக்கத் தூண்களையும் ஒவ்வொன்றாகத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்கிறாராம். 'டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இவர் தலையைக் கண்டதும், "டாக்டர் வந்தாச்சு, நோயாளிங்கள வரிசையா நிறுத்துங்கப்பா" என்று யாராவது கத்துவார்களாம். இவர் அதற்கும் சிரிப்பதில்லை, கோபப்படுவதும் இல்லை.

சூப்பர்வைசர் நேற்று கூப்பிட்டு, "இன்னொரு தடவ லோடு வேணாம்னீங்கன்னா, அப்புறம் உங்களுக்கு எப்பவுமே லோடு கிடையாது" என்று சொல்லிவிட்டாராம். நான் கேட்டால், "ஓட்டறவன் கையெழுத்துப் போட்டா அது ஓட்டறவன் பொறுப்பு. காதுல விழுந்த கெட்ட சத்தத்த நல்ல சத்தம்னு எப்படி எழுதறது?" என்கிறார். பிடித்த பிடியில் நிற்கிற மனுஷன். நான் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

வேலை வாங்கிக் கொடுத்தது நீங்கள். ஆலையிலிருந்து நடுவழி யார்டு வரை அவர் ஓட்டிக்கொண்டு வருகிற அதே வண்டியை அங்கிருந்து துறைமுகம் வரை நீங்கள்தான் ஓட்டிக்கொண்டு போகிறீர்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார். சொல்லுங்கள் அண்ணா. கொஞ்சம் வளைந்து கொடுக்கச் சொல்லுங்கள். நான் எழுதியதாக மட்டும் சொல்லாதீர்கள்.

பாப்பா மாமாவை விசாரித்தாள்.

உங்கள் அன்புத் தங்கை


பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உன் கடிதம் வந்தது. நாங்கள் இருவரும் சௌக்கியம். முட்டிவலி என் கூடவே வயதாகிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொள்கிறோம். உன் அண்ணிதான் எங்கள் இருவரையும் பொறுத்துக்கொள்கிறாள்.

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்துவிட்டேன். டாக்டர் என்பது நம் யார்டு வரை வந்துவிட்ட பெயர்தான். சங்கடப்படாதே, கேலி பாதி என்றால் மரியாதையும் பாதி இருக்கிறது. இங்கே ஒரு டிரைவர் என்னிடம், "உங்க மாப்ள கையெழுத்துப் போட்ட வண்டின்னா கண்ண மூடிட்டு ஏறலாம்ணே" என்றான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் நீ சொல்வதும் நியாயம். எனக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். ஒரு கீறல் கிடையாது. நானென்ன ஒவ்வொரு ஆணியையும் தட்டிப் பார்த்தா ஓட்டினேன்? வண்டி எடுக்குமுன் ஒரு செக் ஷீட் கொடுப்பார்கள். பதினான்கு கட்டம், கீழே டிரைவர் கையெழுத்து. இவர் அந்தப் பதினான்கையும் பரீட்சைத் தாள் மாதிரி உட்கார்ந்து யோசிக்கிறார். மற்றவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் டிக் போட்டுவிடுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நீ ஒன்றும் மண்டையை உடைத்துக்கொள்ளாதே. அவருக்கு நானே எழுதுகிறேன். நீ எழுதச் சொன்னதாகக் காட்டிக்கொள்ள மாட்டேன். பாப்பாவுக்கு மாமாவின் முத்தங்கள்.

உன் அண்ணன்


மார்ச் 3

மாப்பிள்ளை அவர்களுக்கு,

மச்சான் எழுதிக்கொள்வது. நலம், உங்கள் நலமறிய ஆவல்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீங்கள் லோடைத் திருப்பிவிடுவது இங்கே வரை பேச்சாகிவிட்டது. நீங்கள் சொல்கிற குறை உண்மையாகவே இருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எடுக்காத வண்டியை அடுத்த டிரைவரைக் கூப்பிட்டு அனுப்பிவிடுகிறார்கள். அவன் ஓட்டிக்கொண்டு வருகிறான். ஒன்றும் ஆகவில்லையே? வண்டி நிற்பதில்லை மாப்பிள்ளை, நீங்கள்தான் நிற்கிறீர்கள்.

அதனால் நான் சொல்கிறபடி செய்யுங்கள். பெரிய குறையாகத் தெரியாவிட்டால் 'சரி' என்று டிக் போட்டுக் கையெழுத்தைப் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். ஆலையிலிருந்து இங்கே வரை சமதரைதானே, மலையா மேடா? இறக்கமும் வளைவும் என் பங்குப் பாதையில்தான் இருக்கிறது. நடுவழியில் நான் இருக்கிறேன். வண்டி கைமாறும்போது நான் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்கிறேன். ஏதாவது இருந்தால் இங்கே வைத்துச் சரிசெய்துவிடலாம். இங்கே எனக்குள்ள சர்வீசுக்கு என்னை யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

உங்களை நம்பி இரண்டு பேர் வீட்டில் இருக்கிறார்கள். மூத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
மச்சான்


மார்ச் 15

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். அனைவரும் நலம். உங்கள் வீட்டு அக்காவை விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எனக்கு மனமில்லை. ஆனாலும் நீங்கள் அங்கே பார்ப்பீர்கள் என்ற தைரியத்தில் கையெழுத்துப் போடுகிறேன். சந்தேகமான இடம் இருந்தால் இறங்கும்போது வாயால் சொல்லிவிடுகிறேன்.

நேற்று ஒரு லோடு எடுத்தேன்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை


மே 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. எல்லோரும் சுகம். பாப்பாவுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. இப்போது அவள் பேசுவது பாதி காற்றாக வருகிறது. அண்ணிக்குக் கண் பரிசோதனை முடிந்ததா?

என்ன மந்திரம் போட்டீர்கள் என்று தெரியவில்லை. இரண்டு மாதமாக ஒரு லோடையும் திருப்பவில்லை. சூப்பர்வைசர் வழியில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "டாக்டர் திருந்திட்டாரும்மா" என்றார். பாப்பாவுக்குப் புது ஷூ வாங்கினோம். வீட்டில் பேச்சுச் சத்தம் குறைந்து, குக்கர் சத்தம் கூடியிருக்கிறது. உங்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

ஒன்றே ஒன்று. சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். யார்டில் தட்டுவதை விட்டாரே தவிர, வீட்டில் ஆரம்பித்துவிட்டார். கட்டில் காலைத் தட்டிப் பார்க்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அலமாரியை. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கிற இரும்புக் காலைத் தட்டிவிட்டு, "இது மாத்தணும்" என்று அன்றைக்கே மாற்றினார். அக்கம்பக்கத்தில் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டுத்தான் போனேன். ஆனால் டூட்டிக்குப் போகிற காலையில் அவர் சாப்பிடுவதே இல்லை. கேட்டால் பசிக்கவில்லை என்கிறார். டூட்டி முடித்து வந்ததும் முதல் காரியமாக உங்களுக்குப் போன் போட்டு, "மச்சான், போய்ச் சேந்தாச்சா?" என்று கேட்கிறாரே, அது எதற்கு? முன்பெல்லாம் அப்படிக் கேட்டதில்லை.

போகட்டும். புது வழக்கம் என்றால் உடம்புக்குப் பழகக் கொஞ்ச நாள் ஆகத்தானே செய்யும்.

உங்கள் அன்புத் தங்கை


ஜூன் 27

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இடது கையால் காகிதத்தைப் பிடிக்க முடியாததால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். தோள்பட்டை எலும்பில் விரிசல், வேறு அடி இல்லை. நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வரவேண்டாம் என்று அண்ணி சொன்னது நான் சொல்லித்தான்.

பத்தொன்பதாம் தேதி நடந்ததை நீ ஆளாளுக்கு ஒரு விதமாகக் கேட்டிருப்பாய். நானே சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை கொண்டுவந்து கொடுத்த லோடு. இரும்புக் குழாய்கள். நடுவழி யார்டிலிருந்து எடுத்து, இறக்கத்தில் இடதுபக்க வளைவு திரும்பும்போது பின்னால் ஒரு சத்தம். வலப்பக்கத் தூண் ஒன்று அடியோடு சாய்ந்துவிட்டது. சங்கிலி அறுந்து குழாய்கள் ரோட்டில் உருண்டன. வண்டி பாறையில் மோதி நின்றது. அங்கே ரோட்டின் நடுவில் வெள்ளைக் கோடு போடுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. நாலு பேர் ஓடிவிட்டார்கள். ஒருத்தர் குனிந்து பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். அவர் நிமிரவே இல்லை.

தூணின் அடியில் வெல்டிங் முன்னாலேயே விட்டிருந்ததாம், அதன்மேல் பெயிண்ட் அடித்து மூடியிருந்ததாம். கண்ணுக்குத் தெரிகிற குறை இல்லை. நான் வழக்கம்போல் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். விசாரணையிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒன்று நடக்க வேண்டும் என்று இருந்திருக்கிறது, யாரை நோவது.

மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? என்ன சொல்கிறார்? அவர் எனக்குப் போன் செய்யவில்லை. நீ எழுது.

உன் அண்ணன்


ஜூலை 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் தோள் எப்படி இருக்கிறது? தூங்க முடிகிறதா? பாப்பா மாமாவுக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள், இத்துடன் வைத்திருக்கிறேன். லாரி படம்தான் வரைந்தாள். வேறு ஏதாவது வரை என்று சொல்லி, இந்தப் பூவை வரைய வைத்தேன்.

இவரை டூட்டியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை அதிகாரி வீட்டுக்கே வந்தார். நான் டீ கொடுத்துவிட்டு நிலையோரம் நின்று கேட்டேன். "தூணத் தட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டார். இவர், "இல்ல சார், அன்னிக்குத் தட்ட மறந்துட்டேன்" என்றார்.

மறந்துட்டேனாம்! கட்டில் காலைத் தட்டாமல் உட்காராத மனுஷன், நாற்பது அடி டிரெய்லரை மறந்துவிட்டாராம். அந்த அதிகாரிகூட நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் எழுதிக்கொண்டு போய்விட்டார். யார்டில் கேட்க வேண்டுமா? "டாக்டரே மறந்துட்டாரா?" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறார்களாம். அவருக்கென்று இருந்தது அந்த ஒரு பெயர்தான் அண்ணா. கேலியோ மரியாதையோ, அது அவர் சம்பாதித்தது. அதைத் தானே தூக்கிப் போட்டுவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

தனியாக இருந்தபோது கேட்டேன். "நிஜமாவே மறந்தீங்களா?" எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்றைக்கு அவர் உங்கள் யார்டுக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்ததாகச் சொல்கிறார்கள். சமதரையில் அவ்வளவு மெதுவாக எதற்கு ஓட்ட வேண்டும்? அண்ணா, நேராகவே கேட்கிறேன். வண்டி கைமாறும்போது அவர் உங்களிடம் ஏதாவது சொன்னாரா?

உங்கள் தங்கை


ஜூலை 16

அன்புத் தங்கைக்கு,

கடிதமும் படமும் வந்தன. படத்தை உன் அண்ணி கண்ணாடி அலமாரியில் ஒட்டிவைத்திருக்கிறாள். தோள் பரவாயில்லை. சட்டை போடத்தான் இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது. கட்டைப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் ஆகுமாம். இங்கே ஓயாமல் மழை. துணி எதுவும் காயவில்லை. அண்ணிக்குக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "உங்களுக்கு இவ்வளவு நரைச்சிருக்கா?" என்றாள்.

மாப்பிள்ளையைத் தைரியமாக இருக்கச் சொல். மறந்ததாகச் சொன்னது நல்லதுதான். மறதி மனுஷனுக்குச் சகஜம். பெரிதாக ஒன்றும் செய்ய மாட்டார்கள். பாப்பாவைப் பள்ளிக்கூட விடுமுறைக்கு இங்கே அனுப்பிவை.

இன்னொன்று. மார்ச் மாதம் மாப்பிள்ளைக்கு நான் எழுதிய ஒரு கடிதம் உங்கள் வீட்டில் இருக்கும். பழைய காகிதங்கள் எதற்கு வீணாக அடைந்து கிடக்க வேண்டும்? அடுப்பில் போட்டுவிடு.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 10

அன்புத் தங்கைக்கு,

நலம். நலமா? மூன்று வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. போன் செய்தால் பாப்பா எடுத்து, "அம்மா குளிக்கறாங்க" என்கிறாள். காலையிலும் குளிக்கிறாய், மாலையிலும் குளிக்கிறாய்.

நான் எழுதியபடி அந்தக் கடிதத்தை எரித்துவிட்டாயா? ஒரு வரி எழுதினால் போதும்.

அண்ணன்


ஆகஸ்ட் 29

அண்ணாவுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். நீங்களும் அப்படியே என்று நினைக்கிறேன்.

எரிக்கவில்லை. எரிப்பதற்காகத்தான் தேடினேன். அவருடைய டிரங்குப் பெட்டியில், லைசென்ஸ் வைக்கிற உறையில் இருந்தது. அடுப்பைப் பற்றவைத்தும் விட்டேன். நீங்கள் அவருக்கு என்ன எழுதினீர்கள் என்று எனக்கு அதுவரை தெரியாதல்லவா? படித்துப் பார்ப்போம் என்று பிரித்தேன். 'நடுவழியில் நான் இருக்கிறேன்' என்கிற இடம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டேன்.

கடிதத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துக் கேட்டேன். இந்தத் தடவை எழுந்து போகவில்லை. தட்டியிருக்கிறார் அண்ணா. மற்றத் தூண்களெல்லாம் கணீரென்று கேட்டதாம், வலப்பக்கம் பின்னால் இருந்தது மட்டும் செத்த சத்தம். தெரிந்தேதான் 'சரி' என்று எழுதியிருக்கிறார். மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார், நடுவழியில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று. வந்து இறங்கி உங்களிடம் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு மட்டும், "அத உங்கண்ணன் சொன்னா சொல்லட்டும்" என்று நிறுத்திவிட்டார். தட்டினேன் என்று ஒத்துக்கொண்டால், பிறகு ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பார்கள், அப்போது உங்கள் பெயர் வரும், என் பெயரும் வரும் என்று மறதியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

உங்கள்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அது ஆறும்போது என்மேல் வருகிறது. முதல் கடிதம் எழுதியது நான்தானே. கொஞ்சம் வளைந்து கொடுக்கச் சொல்லுங்கள் என்று எழுதினேன். வளைந்து கொடுத்தார்.

போன திங்கட்கிழமை உங்கள் கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு விசாரணை அலுவலகத்துக்குக் கிளம்பினேன். பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்தது. நீங்கள் வலிக்கிற தோளோடு கூண்டில் நிற்பதை நினைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். வந்தால் இவர் தரையில் உட்கார்ந்து பாப்பாவின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரில் யாரைக் காட்டிக்கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். எரிப்பதாக இருந்தால் உங்கள் கையாலேயே எரித்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் பதினெட்டாம் தேதி விசாரணை. அதற்குமுன் எனக்கு எழுத வேண்டாம்.

தங்கை


செப்டம்பர் 21

என் தங்கைக்கு,

நலமா என்று கேட்க இன்று எனக்கு வாய் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து பாதிதான் சொல்லியிருப்பார். அவர் சொன்ன பாதிக்குமேல் நான் எழுதுகிறேன்.

கடிதத்தை எரிக்கவில்லை. எரிக்க நினைக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். இரண்டு நாள் தீப்பெட்டியும் கையுமாகத்தான் இருந்தேன். உன் அண்ணி பார்த்துவிட்டு, "எரிச்சுட்டு அவ முகத்துல எப்படி முழிப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பதினெட்டாம் தேதி அதிகாரி மேசையில் கடிதத்தை வைத்தேன். நீ கேட்டு நான் பதில் சொல்லாமல் மழுப்பிய கேள்விக்கு அங்கே பதில் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன். அன்று மாப்பிள்ளை வண்டியிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார். சட்டையெல்லாம் வேர்வை. "மச்சான், வலப்பக்கம் பின் தூண் சத்தம் சரியில்ல. பாத்துக்குங்க" என்றார். தெளிவாகச் சொன்னார். நான், "உங்க கையெழுத்து இருக்குல்ல மாப்ள, அதுக்கு மேல என்ன? ஏற்கனவே ரெண்டு மணி நேரம் லேட்டு. போய்ச் சாப்பிடுங்க" என்று அவர் முதுகில் தட்டிவிட்டு ஏறிவிட்டேன். சுற்றிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் போகக்கூட இல்லை. அந்த மூன்று மாதத்தில் ஒரு நாளும் நான் சுற்றிப் பார்த்ததில்லை. டாக்டர் கையெழுத்துப் போட்ட வண்டி என்று கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். கண்ணை மூடிக் கையெழுத்துப் போடச் சொன்னவனும் நானேதான். இது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. பாறையில் மோதி நின்ற பிறகுதான் உறைத்தது. அதற்குப் பிறகும் சுற்றிப் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவர் சொல்றது உண்மையா?" என்று அதிகாரி கேட்டார். "வாயால சொன்னேன் சார். தாள்ல எழுதல. எழுதியிருந்தா வண்டி அங்கயே நின்னிருக்கும். அது என் தப்பு" என்றார். நான் அவரைக் காப்பாற்ற வந்த இடத்திலும் அந்த மனுஷன் தன் கணக்கைத் தானே சரியாகச் சொல்கிறார். அவரைப் போய் நான் திருத்தப் பார்த்தேன்.

அவருக்கு ஆறு மாதம் லைசென்ஸ் கிடையாது. மறுக்க வேண்டிய லோடை எடுத்ததற்காக. கேஸ் இல்லை. என் லைசென்ஸ் போய்விட்டது, என்மேல் கேஸ் இருக்கிறது. தூணுக்கு மேலே பெயிண்ட் அடித்தது யார் என்று கம்பெனியைக் கேட்டார்கள். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளை முன்பு திருப்பிவிட்ட லோடுகளின் செக் ஷீட்டுகளைக் கேட்டார்கள். அவற்றைக் காணவில்லையாம். கம்பெனி மறைக்கிறது என்று அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்கிறார் வக்கீல். எனக்கு அதில் ஆர்வமில்லை.

நான் உனக்குச் சொல்ல வந்தது வேறு. இறந்துபோனவரின் மனைவி வந்திருந்தாள். உன் வயதுதான் இருக்கும். விசாரணை முழுவதும் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்து வெளியே வராந்தாவில் நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது கிட்டே வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா?" என்றாள்.

"கேளும்மா" என்றேன்.

"நீங்க அந்த வண்டிய ஒரு சுத்து சுத்திப் பாத்திருந்தா எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

தூணில் குறையைக் கண்டுபிடித்திருப்பேனா என்று கேட்பாள், கண்டுபிடித்திருக்க மாட்டேன் என்று சொல்லலாம் என்று என் மனது அப்போதும் ஒரு சாக்கைத் தயார் செய்துகொண்டிருந்தது. அவள் அதைக் கேட்கவில்லை. "பத்து நிமிஷம்மா. அதுக்கு மேல ஆகாது" என்றேன்.

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"குறை கண்ணுல பட்டிருக்க வேணாம்ணே. சும்மா சுத்தி வந்துட்டு எடுத்திருந்தாக்கூடப் போதும். பத்து நிமிஷம் கழிச்சு நீங்க வந்திருந்தா அவர் சாப்பிடப் போயிருப்பார்."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள்.

உன் அண்ணன்